குங்குமம் வைத்த ஸ்பானர்கள்

ஒரு பிக்கப் வண்டிக்கு எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற அரை மணி நேரம் போதும் என்று யாராவது சொன்னால் நான் வாதாடுவதில்லை. எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். நான் மாற்றிய ஆயில் ஆறு வருடம் கழித்தும் எங்கள் குடும்பப் பேச்சில் சொட்டிக்கொண்டிருக்கிறது. மாமனார் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், காபி டம்ளர் கைக்கு வருவதற்குள் அந்தக் கதை வந்துவிடும். சொல்பவரைப் பொறுத்து ஆயிலின் அளவு கூடும். கடைசியாக என் மாமியார் சொன்னபோது அது பக்கத்துத் தெரு வரைக்கும் ஓடியிருந்தது. ஆகவே நடந்ததை ஒரு தடவை நானே எழுதிவைத்துவிடுகிறேன். (என் பங்குக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வேன். அந்த உரிமை எனக்கு உண்டு.)

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இயந்திரங்களுக்குச் செயல்முறைக் கையேடு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். பெங்களூர் தொம்மலூரில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, "படி நான்கு: மூடியை இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றவும்" என்று எழுதுவேன். அந்த மூடியை நான் கண்ணால் கண்டிருக்க மாட்டேன். அது இடப்பக்கம்தான் திரும்பும் என்று எஞ்சினியர்கள் சொன்னால் நம்பிக்கொள்வேன். இப்படிப் பத்து வருடம் எழுதிக்கொண்டிருந்தால், உலகத்தில் உள்ள எல்லாப் பொருளையும் தன்னால் கழற்றி மாட்டிவிட முடியும் என்று ஒருவனுக்குத் தோன்ற ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது ஹேமாதான் என்பதை நான் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஹேமா என் மனைவி. அதே அலுவலகத்தில் வேறு மாடியில் வேலை பார்த்தவள். காதல் கல்யாணம். எங்களுக்குள் 'நீ, வா, போ'தான். அவள் அப்பா எதிரில் மட்டும் நான் 'என்னங்க' ஆகிவிடுவேன். தனியாக இருக்கும்போது அவள் 'என்னங்க' என்று கூப்பிட்டால், எனக்கு ஏதோ கேடு வரப்போகிறது என்று அர்த்தம்.

அவள் அப்பா கோவிந்தராஜுக்கு ஸ்ரீராம்புரத்தில் ஷாமியானா கடை. பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பார். கூடவே ஒரு பிக்கப் வண்டி. முன்கண்ணாடியில் 'ஹேமா – ரேகா' என்று இரண்டு மகள்களின் பெயரும் மஞ்சள் எழுத்தில் ஒட்டியிருக்கும். அவர் எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். ஆனால் என்னோடு பேசச் சம்மதிக்கவில்லை. எல்லாம் ஹேமா வழியாகத்தான் வரும். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "மாப்ளைக்கு இன்னொரு தோசை வேணுமா கேளுமா" என்பார் அவளிடம். எனக்கு வேண்டும். ஆனால் அந்தத் தோசை ஹேமாவைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் ஆறிவிடும்.

இதற்குக் காரணம் கோபம் இல்லை. அவருக்கு என்னை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். கழி நடுகிறவன், கயிறு கட்டுகிறவன், வண்டி ஓட்டுகிறவன், சமைக்கிறவன் எல்லாரும் அவருக்குப் புரிந்தவர்கள். "மூடியைத் திருப்பவும்" என்று எழுதுகிறவனை அவருக்குப் புரியவில்லை. அவருடைய அக்கா, அந்த வீட்டில் எல்லாரும் பெரியத்தை என்று கூப்பிடுகிறவர், கல்யாணப் பந்தலிலேயே என் காதில் விழும்படி சொன்னார். "பையன் செவப்பாத்தான் இருக்கான். கைல ஒரு தொழில் இல்லியே."

இப்படி இரண்டு வருடம் போயிற்று. அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், மாமனார் தோசைச் சட்டத்தை மீறி நேராக என்னைப் பார்த்தார்.

"மாப்ள, நாளைக்கி வண்டிய நீங்க எடுங்க."

ஹேமாவின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. அந்த வீட்டில் பூஜை முடிந்ததும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, சக்கரத்துக்கு அடியில் வைத்த நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கி, சந்துக் கோடியில் இருக்கும் மாரியம்மன் கோயில் வரை ஓட்டிப்போவது ஒரு பெரிய மரியாதை. இருபது வருடமாக அதை வேறு யாருக்கும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (வெங்காயச் சட்னி என்று சமாளித்தேன்.)

அதோடு நான் பேசாமல் போய்த் தூங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால், "ஆயில் மாத்தணும், பூஜை முடியட்டும், காதர் பாய்கிட்ட விடலாம்" என்று அவர் மாமியாரிடம் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. உடனே என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. விடிகாலையில் எழுந்து நானே ஆயில் மாற்றிவிட வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக, "ஆயில் காலையிலேயே மாத்திட்டேன் மாமா" என்று சொல்ல வேண்டும். பெரியத்தையும் பக்கத்தில் நிற்க வேண்டும். இந்தக் காட்சியைப் பல கோணங்களில் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் நன்றாகவே இருந்தேன்.

கடை மூடுவதற்குள் ஓடிப்போய் ஆயிலும் ஃபில்டரும் வாங்கிவந்தேன். மூன்று வீடியோ பார்த்தேன். மூன்றிலும் வெள்ளைக்காரர்கள் எங்கள் மாமனாரின் கடையைவிடப் பெரிய கராஜில், கைக்கு உறை போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். அதில் ஒருவர் அதிகம் பேசினார். அவர் பேசும்போதெல்லாம் திரையைத் தட்டிப் பத்துப் பத்து விநாடியாகத் தள்ளிவிட்டேன். அப்படித் தள்ளிய ஒரு பத்து விநாடிதான் என்னைக் கவிழ்த்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

காலை ஆறு மணி. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். சூடானால் ஆயில் இளகி நன்றாக இறங்குமாம். கடையில் கிடந்த பழைய ஃப்ளெக்ஸ் ஒன்றைத் தரையில் விரித்தேன். யாரோ ஒரு தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. அவர் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தின்மேல் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். ஆயில் பிடிக்க ஒரு அலுமினியக் குண்டான் வேண்டியிருந்தது. சமையலறை வாசலில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், எடுத்துக்கொண்டேன். ஸ்பானர்கள் மாமனாரின் தகரப் பெட்டியில் இருந்தன. முழுப் பெட்டியையும் வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

கீழே படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் இடம் எது, வலம் எது என்று குழம்பிவிடும் என்பதை எந்தக் கையேட்டிலும் நான் எழுதியதில்லை. கால் மணி நேரம், ஆயில் வடிவதற்காக எஞ்சினுக்கு அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு தெளிந்து எதிர்ப்பக்கம் திருப்பினேன். போல்ட் கழன்று, கையை விட்டு நழுவி, குண்டானுக்குள் விழுந்தது. அதன் பின்னாலேயே ஆயில் வந்தது. கொஞ்சம் குண்டானுக்குள்ளும், மீதி என் முழங்கை வழியாக அக்குளுக்கும் போனது. கறுப்பாக, சூடாக இருந்தது. சத்தம் போட முடியாது. ரகசிய வேலை அல்லவா! தலைவரின் மூக்கைக் கையால் பிசைந்துகொண்டு பொறுத்துக்கொண்டேன்.

அடுத்து ஃபில்டர். சின்ன டப்பா மாதிரி எஞ்சினில் திருகியிருந்தது. அசையவே இல்லை. இதற்கும் வீடியோவில் வழி இருந்தது: ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை டப்பாவின் குறுக்கே குத்தி, அதைப் பிடித்துத் திருப்ப வேண்டும். குத்தினேன். திருப்பினேன். டப்பா திரும்பவில்லை, கிழிந்தது. இன்னொரு தடவை குத்தினேன். ஸ்க்ரூடிரைவர் பாதியில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. அந்த நேரம் பார்த்து மாமியாரின் குரல்.

"மாப்ள, இட்லி ஆறுது. வண்டி கழுவனது போதும், வாங்க."

வண்டி கழுவுவதாகத்தான் சொல்லி வைத்திருந்தேன். போகாவிட்டால் அவர் இங்கே வந்துவிடுவார். பின்பக்கக் குழாயில் கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு சாப்பிடப் போனேன். மாமியார் வீட்டு இட்லி ஒருவன் நினைத்த நேரத்தில் முடிகிற சமாசாரம் இல்லை. ஆறு வைத்தார். வேண்டாம் என்றேன், இரண்டு வைத்தார். அரை மணி கழித்துத் திரும்பி வந்தேன்.

வண்டி இருந்தது. தலைவர் இருந்தார். தகரப் பெட்டியைக் காணோம்.

உள்ளே ஓடினேன். கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் வாழை இலை விரித்து, அதன்மேல் வீட்டில் இருந்த அத்தனை ஸ்பானரும், சுத்தியலும், கடப்பாரையும், பந்தல் முளைகளும், மாமியாரின் அரிவாள்மனையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். மாமனார் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடைசி ஸ்பானருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"பொட்டிய வெளிய எடுத்து வெச்சிங்களே மாப்ள, நல்லதாச்சி" என்றார். நேராக என்னிடமே சொன்னார். பூஜைக்காகத்தான் எடுத்துவைத்தேன் என்று நினைத்துவிட்டார். அந்த முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இனி அந்தச் சாமான்களை மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை யாரும் தொட முடியாது. இது எனக்கும் தெரியும். சின்ன வயதில் இந்த ஒரு நாளுக்காகவே புத்தகத்தை எல்லாம் கொண்டுபோய்ப் பூஜையில் வைத்தவன்தான் நானும். படிக்க வேண்டாம் என்ற அந்தச் சந்தோஷம் இப்படித் திரும்பி வந்து என்னைப் பிடிக்கும் என்று நினைக்கவில்லை.

"எல்லாம் இருக்குது. அந்தப் பெரிய ஸ்க்ரூடிரைவர மட்டும் காணோம்" என்றார் மாமனார், இலையை எண்ணிப் பார்த்தபடி. "கடை போட்ட புதுசுல வாங்குனது. யாருனா எடுத்தீங்களா?"

"சுண்டலுக்கு எடுத்து வெச்ச குண்டானையும் காணோம்" என்றார் சமையலறையிலிருந்து மாமியார்.

இரண்டும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே நின்று பல்லியைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹேமா என்னைப் பார்த்தாள். என் காதுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தீற்றல் இருந்ததாம். மெதுவாகப் பக்கத்தில் வந்து, "என்னங்க" என்றாள்.

மாடிப்படி அடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அப்பாகிட்டச் சொல்லிடு."

"எப்படிச் சொல்றது? இப்பத்தான் மனுஷன் நேராப் பேச ஆரம்பிச்சிருக்காரு. பெரியத்தை வேற பத்து மணிக்கு வர்றாங்க."

"அப்ப காதர் பாய்கிட்ட ஓடு. ஒரு ஸ்பானர் வாங்கிட்டு வா. பதினொன்னுக்குப் பூஜை."

காதர் பாயின் ஒர்க்‌ஷாப் இரண்டு சந்து தள்ளி. ஓடினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தால் உள்ளே மாவிலைத் தோரணம், சீரியல் பல்பு. காதர் பாய் நாற்காலியில் உட்கார்ந்து பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தார். பின்னால் மேசையில் அவருடைய ஸ்பானர்களும் குங்குமத்தோடு வரிசையாகப் படுத்திருந்தன.

"பாய், உங்க ஸ்பானருமா?" என்றேன்.

"க்யா சார் பண்றது! பார்ட்னர் முருகேசு வெச்ச பூஜா. நான் ஒன்னு தொட்டா அவன் ஒரு வருஷம் என்கூட பேச மாட்டான்" என்று பொரித் தட்டை என் பக்கம் நீட்டினார். "சாப்டுங்க. நாளைக்கிக் காலைல மொத வண்டி உங்களுது தான். பஸ், போதுமா?"

திரும்பி வரும் வழியில் இன்னும் மூன்று கடை பார்த்தேன். பெங்களூரில் அன்றைக்கு ஒரு ஸ்பானர்கூட வேலை செய்யவில்லை. ஊர் முழுக்க இரும்பெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுத்தது. அப்படி ஒரு நாளில் எஞ்சினைத் திறந்துபோட்ட ஒரே மனிதன் நான்தான்.

மீதி வேலையைக் கையால்தான் முடித்தேன். முதலில் ஸ்க்ரூடிரைவரை ஆட்டி ஆட்டி உருவினேன். ஷாமியானாக் கயிற்றை ஃபில்டரில் சுற்றி, ஒரு கட்டையைச் செருகி முறுக்கியபோது மிச்சமிருந்த டப்பா அசைந்தது, கழன்றும் வந்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த இடத்தைத் துடைக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. புது ஃபில்டரைக் கையாலேயே திருகினேன். குண்டானுக்குள் கையை விட்டுத் துழாவி, போல்ட்டை எடுத்து, விரல் வலிக்கும்வரை இறுக்கினேன். புது ஆயிலை ஊற்றினேன். ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் அதற்குள் சாவியும் பூஜைக்குப் போய்விட்டது, இனித் தொடக் கூடாது என்பது மாமனாரின் உத்தரவு. ஸ்க்ரூடிரைவரை வேட்டியில் துடைத்து, யாரும் பார்க்காதபோது இலையின் ஓரத்தில் வைத்துவிட்டேன்.

"அட, இங்கதான் இருந்துச்சா!" என்று மாமனார் அதற்கும் சந்தனம் வைத்தார். சந்தனம் ஒட்டவில்லை, வழுக்கிக் கீழே விழுந்தது. இன்னொரு தடவை வைத்தார். அதுவும் விழுந்தது. அந்த ஸ்க்ரூடிரைவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் வேட்டியையும் பார்த்தார்.

பதினொரு மணிக்குச் சந்தே கூடிவிட்டது. வண்டிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன்னால் சாமந்தி மாலை. ரேகா பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து வண்டிக்கு எதிரில் ஒரு பெரிய கலர்க் கோலம் போட்டிருந்தாள். மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். எதிர்வீட்டு ஜயம்மா படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியத்தை முன்வரிசை. வெள்ளை வேட்டியில் மாமனார் கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார். பிறகு சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையில் வைத்தார்.

"எடுங்க மாப்ள."

சாவியைத் திருகினேன். எஞ்சின் உறுமியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மெதுவாகக் கிளட்சை விட்டேன். நாலு எலுமிச்சம்பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. எல்லாரும் கை தட்டினார்கள். டாஷ்போர்டில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதில் எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு படம். பண்டிகை நாளில் அதுவும் எனக்கு மங்களகரமாகவே தெரிந்தது.

"அய்யோ தேவ்ரே! எண்ணெ நோட்ரி, எண்ணெ!" என்று ஜயம்மா கன்னடத்தில் கத்தினார், எண்ணெயைப் பாருங்கள் என்று.

வண்டிக்கு அடியிலிருந்து, நான் அன்று காலை ஊற்றிய ஆயில் முழுவதும், யாரோ குடத்தைக் கவிழ்த்ததுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. அது ரேகாவின் கோலத்தில் நடுப்பூவைத் தாண்டி, மயிலின் கழுத்தைத் தாண்டி, பூசணிக்காய்த் துண்டுகளைக் கூட்டிக்கொண்டு ஓடியது. என்ன என்று பார்க்கக் குனிந்த மாமனாரின் வேட்டியில் முழங்கால்வரை தெறித்தது. பெரியத்தை பின்வாங்கினார். வழுக்கியது. ரேகாவின் தோளைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து மெதுவாக, மிகவும் மரியாதையாக, கோலத்திலேயே உட்கார்ந்தார்கள்.

நான் மட்டும் எதுவும் புரியாமல் இன்னும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன்.

"ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணுடா டேய்!"

மாமனார்தான். இரண்டு வருடத்தில் ஹேமா வழியாகக்கூட அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆஃப் செய்தேன். ஆரத்தித் தட்டில் கற்பூரம் எரிகிற சத்தம் கேட்டது.

பெரியத்தை தரையில் இருந்தபடியே ஆரம்பித்தார். "நான் அன்னிக்கே சொன்னேன் கோவிந்து. இவன் கை வெச்சான், பாரு. பூஜை அன்னிக்கு வண்டி நின்னு போச்சி. இனிமே வருஷம் பூரா..."

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. பூஜை போட்ட வண்டி கோயிலுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றால், அந்த வருடம் ஒரு பந்தல் சரிந்தாலும், ஒரு ஆர்டர் தவறினாலும், யாருக்காவது ஜுரம் வந்தாலும் அதெல்லாம் என் கணக்கில்தான் எழுதப்படும். ஹேமாவின் முகத்தைப் பார்த்தேன். எனக்காக அவள் எத்தனை வருடம் இந்த வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. கதவைத் திறந்து இறங்கப் போனேன். எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று.

"மாமா, நான்தான் காலைல..."

"எறங்காதீங்க" என்றார் மாமனார்.

நான் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே.

"வண்டி எப்டியும் கோயில் பாக்கணும். ஏறுன ஆளும் நடுவுல எறங்கக் கூடாது. உள்ள குந்துங்க." பிறகு சந்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இன்னா வேடிக்க? வாங்க எல்லாரும். தள்ளுங்க!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் ஆளாக அவரே பின்னால் போய்த் தோள் கொடுத்தார். கடையில் வேலை செய்கிறவர்கள் ஓடி வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஹேமா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்தாள். வண்டி அசைந்தது.

எஞ்சின் ஓடாத வண்டியில் ஸ்டீயரிங் எவ்வளவு கனக்கும் என்று எந்த வீடியோவும் சொல்லவில்லை. முக்கி முக்கித் திருப்பினேன். பண்டிகைக்காகக் கடை கடையாகப் போய் அடித்துக்கொண்டிருந்த தமட்டை மேளக்காரர்கள், கூட்டம் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், இது ஏதோ தேர் என்று முடிவு செய்து முன்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். அடி பின்னியெடுத்தார்கள். மாடியிலிருந்து பூப் போட்டார்கள். ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிடக் கையை எடுத்தால் வண்டி சாக்கடைக்குப் போய்விடும். அதனால் தலையை மட்டும் ஆட்டினேன். (உற்சவர்கள் ஏன் அப்படி விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.)

கோயிலுக்கு முன்னால் சின்ன இறக்கம். வண்டி தானாகவே வேகமெடுத்தது. தள்ளியவர்கள் இப்போது பிடித்து இழுத்தார்கள். பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன், கல் மாதிரி இருந்தது. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தாமலே ஓடினார்கள். வண்டி போய்க் கோயில் பந்தலின் முன் கம்பத்தில் மெதுவாக முட்டி நின்றது. பந்தலில் கட்டியிருந்த பூவெல்லாம் பூசாரியின் தலையில் விழுந்தது. பந்தல் மாமனார் போட்டது என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பூசாரி பூவை உதறிவிட்டுத் தேங்காய் உடைத்தார். மாமனார் மூச்சு வாங்கியபடி பின்னாலிருந்து வந்து, சந்து முழுக்கக் கேட்கும்படி, "போதும். வண்டி வந்துருச்சி" என்றார். பெரியத்தையைப் பார்த்தே சொன்னார். எனக்கு இந்த முறை நிஜமாகவே அழுகை வந்தது. சமாளிக்கச் சட்னி எதுவும் கையில் இல்லை.

மறுநாள் காலைப் பூஜை முடிந்து ஸ்பானர்களுக்கு விடுதலை கிடைத்ததும், மாமனார் அதே தலைவரின் முகத்தில் படுத்து, திரும்பவும் தள்ளியே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த வண்டிக்கு அடியில் போனார். இரண்டு நிமிடத்தில் ஃபில்டரைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். உள்ளங்கையில் இரண்டு ரப்பர் வளையம். புது ஃபில்டரோடு வந்தது ஒன்று. பழைய ஃபில்டரிலிருந்து பிரிந்து எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது இன்னொன்று. அதை எடுக்காமல் அதன்மேலேயே புது ஃபில்டரைத் திருகியிருக்கிறேன். இரண்டு வளையம் இருந்தால் ஃபில்டர் சரியாகப் பதியாது, இடுக்கு வழியாக ஆயில் பீறிட்டுவிடும். நான் தள்ளிவிட்ட பத்து விநாடியில் அந்த வெள்ளைக்காரர் இதைத்தான் சொல்லியிருக்கிறார். பிறகு பார்த்தேன். அந்த இடத்தில் குரலை உயர்த்தி, விரலை ஆட்டி, இரண்டு தடவை சொல்கிறார்.

"இன்னா மாப்ள" என்றார் மாமனார். "ஒன்னுக்கு ரெண்டா இருந்தா கெட்டியா நிக்கும்னு நெனச்சிங்களா?"

"இல்ல மாமா. பாக்கல."

"வேட்டில ஸ்க்ரூடிரைவர் தொடச்சிங்களே, நேத்தே தெரியும். சரி, இன்னா பண்றாருன்னு பாக்கலாம்னு வுட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, முதல்முறையாக என் எதிரில் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, ஹேமா தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தோசை எனக்கு நேராகவே வருகிறது. சூடாக இருக்கிறது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வருடம் கடைக்கு ஆர்டர் குவிந்துவிட்டது. கல்யாணத்துக்கு மேல் கல்யாணம். பெரியத்தையே, "அம்மன் தள்ள வெச்சிக்கினா, அதான்" என்று சொல்ல ஆரம்பித்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு வண்டி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. பூஜை முடிந்தது, யாரும் சாவியைத் தேடவில்லை. எல்லாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றார்கள். மேளக்காரர்கள் முன்கூட்டியே வந்திருந்தார்கள். இப்போது அது முறையாகிவிட்டது. போன வருடம் புதிதாகக் குடிவந்த ஒருவர் என்னிடமே விளக்கினார்: இந்தச் சந்தில் இது நூறு வருடப் பழக்கமாம், அன்றைக்கு எஞ்சினுக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடாம். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

சென்ற ஆண்டு ரேகாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை மெக்கானிக்கல் எஞ்சினியர். நிஜமான எஞ்சினியர், எஞ்சினைக் கையால் தொடுகிற ஜாதி. இங்கே அவருக்கு முதல் ஆயுத பூஜை. நான் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது, அவர் மாமனாரிடம் போய்ப் பணிவாகக் கேட்டார். "மாமா, வண்டி நல்ல கண்டிஷன்லதானே இருக்கு? நான் வேணா ஓட்டிட்டு வரட்டுமா?"

மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அது பெரிய மாப்ளையோட எடம். அவரு ஒருத்தருதான் குந்தலாம்" என்றார். "நீங்க எஞ்சினியரு. பின்னாடி போயி தள்ளுங்க."